ஆட்டுக் கொட்டகை இல்லாத வீடு

சம்மன் வந்த நாளிலிருந்து சங்கிலிமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார். எழுந்தால் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினார். "அரிசி வேகலியா?" என்று மனைவி பேச்சியம்மாள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாத்தூருக்கும் அச்சங்குளத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு கரிசல் கிராமத்துக்கு அவர் தலையாரி. அரசாங்கக் காகிதத்தில் கிராம உதவியாளர் என்று இருக்கும். இருபத்திரண்டு வருஷ வேலை. ஆபீசைத் திறந்து கூட்டுவார்; நிலம் அளக்க வருகிறவர்களோடு வெயிலில் நடப்பார்; எந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் காகிதம் பார்க்காமல் சொல்வார். இதுபோக இன்னொரு வேலையும் எப்படியோ அவர் தலையில் ஏறியிருந்தது. போலீஸ் எதையாவது கைப்பற்றினால், இன்ன பொருளை இன்ன இடத்தில் இன்னார் முன்னிலையில் எடுத்தோம் என்று மகஜர் எழுதும். அந்த இன்னார் பெரும்பாலும் சங்கிலிமுத்துதான். மணல் டிராக்டர், சாராயம், லைசென்ஸ் இல்லாத பட்டாசு என்று எதுவானாலும் கூப்பிட்டால் போவார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார், டீயைக் குடித்துவிட்டு வருவார். கோர்ட்டில் கேட்டால் "என் கையெழுத்துதானுங்க" என்பார். அதோடு முடிந்துவிடும்.

இந்தத் தடவை அப்படி முடியாது என்று சம்மனைக் கொண்டுவந்த ஏட்டே சொல்லிவிட்டுப் போனார். "கருப்பணன் கேசு. வி.ஏ.ஓ. சார் இறந்துட்டாரு. மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி நீங்கதான் அண்ணாச்சி. பாத்துச் சொல்லுங்க."

ஐந்து வருஷத்துக்கு முன்னால், தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது, ஊருக்கு மேற்கே கருவேலங்காட்டுக்குள் ஒரு தகரக் கொட்டகை வெடித்தது. யாருக்கும் தெரியாமல் ஃபேன்சி வெடி செய்துகொண்டிருந்த இடம். இரண்டு பெண்கள் செத்துப்போனார்கள். ஒருத்தி பக்கத்து ஊர்க்காரி. இன்னொருத்தி இந்த ஊர் சொர்ணலட்சுமியின் மகள் கீர்த்திகா, இருபத்தோரு வயது. அங்கே மருந்து கலக்கிக்கொண்டிருந்த கருப்பணன் இரண்டு கையும் வெந்து தப்பித்தான். கொட்டகையைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியதே அவன்தான் என்று போலீஸ் வழக்குப் போட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் வி.ஏ.ஓ.வையும் சங்கிலிமுத்துவையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் ஒரு சாக்கு, உள்ளே மருந்துப் பொடியும் திரிக்கட்டும். பக்கத்தில் எழுதி முடித்த காகிதங்கள். வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட்டார், அவருக்குக் கீழே சங்கிலிமுத்து போட்டார்.

சாட்சி சொல்வதற்கு ஒரு வாரம் முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரச்சொன்னார் அரசு வக்கீல். கேஸ் கட்டை அவர் பக்கம் தள்ளிவைத்து, "உக்காந்து ஒருதரம் படிச்சுக்கோங்க" என்றார். பிறகு அவரே விளக்கினார். "எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், போலீஸ்கிட்ட நான்தான் செஞ்சேன்னு சொன்னா அது கோர்ட்டுல செல்லாது. ஆனா அவன் சொன்னதை வச்சு ஒரு பொருள் கிடைச்சா, அந்த அளவுக்கு மட்டும் செல்லும். அவன் சொன்னதைக் கேட்டதும், எடுத்துக் கொடுத்ததைப் பார்த்ததும் நீங்க. இந்தக் கேஸே இந்த ரெண்டு பக்கத்துலதான் நிக்குது."

சங்கிலிமுத்து படித்தார். 'எதிரி கருப்பணன் எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்று, வீட்டின் பின்புறமுள்ள ஆட்டுக் கொட்டகையில் புதைத்து வைத்திருந்த சாக்கைத் தோண்டி எடுத்து ஆஜர் செய்தார்.' இன்னொருதரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

கருப்பணன் வீட்டில் ஆட்டுக் கொட்டகை கிடையாது. ஆடும் கிடையாது. வீட்டின் பின்சுவரை ஒட்டி ஓடைக்கால்வாய் போகிறது. இலவசப் பட்டாவுக்காக அந்த வரிசை வீடுகளை டேப் பிடித்து அளந்தவரே சங்கிலிமுத்துதான். பின்னால் ஒரு முழம் இடம் கிடையாது. அதோடு, இரண்டு கையிலும் கட்டுப்போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவரப்பட்டவன் மண்ணைத் தோண்டியதாக எழுதியிருந்தது.

"என்ன, சரியா இருக்குல்ல?" என்றார் அரசு வக்கீல்.

"இருக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவருக்குச் சிவகாசி பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்பதே சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

முதல் வாய்தாவில் நீதிபதி லீவு. இரண்டாவது வாய்தாவில் வக்கீல்கள் புறக்கணிப்பு. ஒவ்வொரு தடவையும் விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பிப் போய், வேப்பமரத்தடியில் மத்தியானம்வரை நின்றுவிட்டுத் திரும்பினார். மூன்றாவது வாய்தா ஒரு மாதம் தள்ளிப்போனது. அந்த ஒரு மாதம்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. கருப்பணனை அவருக்குப் பிடிக்காது. குடிப்பவன், வாய்த்துடுக்கு. அவனே குத்தகைக்கு எடுத்திருக்கவும் கூடும். மகஜர் பொய் என்பதற்காக அவன் நல்லவன் ஆகிவிடுவானா? இல்லையென்று சொல்லிவிட்டு வந்தால், இரண்டு பெண்களைக் கொன்றவனை வெளியே விட்ட பாவம் யாருக்கு? ஆமென்று சொன்னால், செய்யாதவனைப் பத்து வருஷம் உள்ளே தள்ளிய பாவம் யாருக்கு? தெருவில் நடக்கும்போதே வாய் முணுமுணுத்தது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து வழக்கை விசாரித்த ராஜபாண்டியன் இப்போது இன்ஸ்பெக்டர். அவர் போனில் கூப்பிட்டார். "என்ன தலையாரி, முகம் வாட்டமா இருக்குன்னாக. ஒண்ணுமில்ல, காகிதத்துல இருக்கறதச் சொல்லுங்க. மாத்திச் சொன்னீகன்னா அப்ப போட்ட கையெழுத்து என்னன்னு உங்களைத்தான் கேப்பாக. ஓய்வுக்கு நாலு வருசந்தானே இருக்கு?"

அன்று சாயங்காலமே ரேஷன் கடைப் பக்கம் சொர்ணலட்சுமி வழிமறித்தாள். மகள் போன பிறகு அவள் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. "அண்ணே, நீங்க சொன்னாத்தான் அவன் உள்ள போவானாம். அஞ்சு வருசமா அவன் எங்கண்ணு முன்னால நடமாடுதான். எம்பிள்ளைக்காகச் சொல்லிருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். சங்கிலிமுத்துவால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பேச்சியம்மாளிடம் கொட்டினார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "அவன் செஞ்சானா இல்லையான்னு உங்கள்ட்ட கேக்காகளா?" என்றாள்.

"இல்ல. நான் பாத்தனான்னு கேப்பாக."

"பாத்தீகளா?"

"பாக்கல."

"பெறகென்ன?" என்றாள் அவள். அவ்வளவு சுலபமாக இருந்தால் தனக்கு ஏன் இப்படி நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று அவருக்கு எரிச்சல் வந்தது.

மூன்றாவது வாய்தா அன்று கோர்ட்டுச் சேவகரான தபேதார் அவர் பெயரை மூன்றுதரம் கூப்பிட்டார். கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார் சங்கிலிமுத்து. எதிர்ப்பக்கம் கருப்பணன் நின்றான். விரல்கள் சுருண்டு ஒட்டிப்போயிருந்தன. பின்வரிசையில் சொர்ணலட்சுமி.

"இது உங்க கையெழுத்தா?" என்றார் அரசு வக்கீல்.

"என் கையெழுத்துதானுங்க."

"எதிரி வாக்குமூலம் கொடுக்கும்போது நீங்க கூட இருந்தீங்களா?"

சங்கிலிமுத்து நீதிபதியைப் பார்த்துத் திரும்பினார்.

"இல்லைங்க. நான் ஸ்டேஷனுக்குப் போகும்போது சாக்கு மேஜையில இருந்துச்சு. எழுதி வச்சிருந்தாக. கையெழுத்துப் போட்டேன். அவன் வீட்டுக்கு நாங்க யாரும் போகலைங்கய்யா."

அரசு வக்கீல் நீதிபதியிடம் திரும்பி, சாட்சி பிறழ் சாட்சியாகிவிட்டதாகவும், தானே குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும் என்றும் கேட்டார். அனுமதி கிடைத்தது. எதிரியிடம் எதையாவது வாங்கிக்கொண்டு மாற்றிச் சொல்கிறாரா, யாருக்காவது பயந்து சொல்கிறாரா என்று கேள்விகள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் "இல்லைங்க" என்றே சொன்னார்.

கருப்பணனுக்கு இலவச சட்ட உதவியில் வாதாடிய ஜெஸ்லின் எழுந்தாள். சின்ன வயது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அவர் வீட்டுக்குப் பின்னால என்ன இருக்கு?"

"ஓடைக்கால்வாய்ம்மா. ஆட்டுக் கொட்டகை கட்ட அங்கன எடமே கெடையாது."

இறங்கலாம் என்று காலை எடுத்தவரை நீதிபதி நிறுத்தினார். "இருங்க. காகிதத்தை விடுங்க. சம்பவத்தன்னைக்கு நீங்க உங்க கண்ணால பார்த்தது ஏதாவது இருக்கா?"

ஐந்து வருஷத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. சத்தம் கேட்டு முதலில் ஓடியவர் அவர்தான். காட்டுப்பாதையில் ஒரு லோடு வேன் எதிரே வந்து, அவரை ஒதுங்க வைத்துவிட்டுப் பறந்தது. அதிலிருந்து, பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் வெடிப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள் கட்டு ஒன்று ரோட்டில் விழுந்தது. அன்றே வி.ஏ.ஓ.விடம் சொன்னார். "நமக்கெதுக்குப்பா" என்று வி.ஏ.ஓ. முடித்துவிட்டார். அதை அப்படியே சொன்னார். நீதிபதி எழுத்தருக்குச் சொல்லச் சொல்ல, அது தட்டச்சில் ஏறியது.

அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது. குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை, சந்தேகத்தின் பலன் எதிரிக்கு என்று கருப்பணனை விடுதலை செய்தார்கள். கோர்ட்டுப் படிக்கட்டில் சொர்ணலட்சுமி சங்கிலிமுத்துவின் முன்னால் வந்து நின்றாள். "நல்லா இருங்கண்ணே. உங்க பிள்ளைகுட்டிக எல்லாம் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. கருப்பணன் நன்றி சொல்ல வந்தபோது, "ஏலே, அங்கிட்டுப் போ" என்று விரட்டினார்.

பார்க்காததற்குக் கையெழுத்துப் போட்டதற்காகத் தாலுகா ஆபீசிலிருந்து குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. செய்தது உண்மைதான் என்று தன் கையாலேயே பதில் எழுதிக் கொடுத்தார். இரண்டு வருஷ ஊதிய உயர்வு போனது. ஸ்டேஷனிலிருந்து கூப்பிடுவது நின்றுபோனது. ஊரில் சிலர், "கருப்பணன்கிட்ட வாங்கிட்டாரு" என்றும் பேசினார்கள். டீக்கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு காலையில் சொர்ணலட்சுமி வீட்டு வாசலில் நின்றாள். கையில் பிளாஸ்டிக் பை, உள்ளே காகிதங்கள். மதுரை ஹைகோர்ட்டில் மனுப் போட்டிருந்தாள். சங்கிலிமுத்து சொன்ன சாட்சியத்தையும் அதில் சேர்த்திருந்தார்கள். வேறு பிரிவு போலீஸ் முதலிலிருந்து விசாரிக்க வேண்டும் என்று உத்தரவாகியிருந்தது.

"அந்த வேனச் சொன்னீகளே" என்றாள். "மாஜிஸ்திரேட் முன்னால வந்து சொல்லணுமாம். வருவீகளா?"

"வாரேன்மா" என்றார் உடனே.

சாத்தூர் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அவர் சொன்னதை எழுதி, படித்துப் பார்க்கக் கொடுத்தார். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்த சங்கிலிமுத்து ஓரிடத்தில் நிறுத்தினார். "ஐயா, வெள்ளை வேன்னு இருக்கு. நான் வெளிர் கலர்னுதான் சொன்னேன். புழுதியா இருந்துச்சு, வெள்ளைன்னு உறுதியாச் சொல்ல முடியாது." மாஜிஸ்திரேட் அதைத் திருத்திச் சுருக்கொப்பம் வைத்தார். பிறகுதான் சங்கிலிமுத்து கையெழுத்துப் போட்டார்.

வெளியே சொர்ணலட்சுமி காத்திருந்தாள். "நம்பரச் சொல்லிட்டீகளா?"

"கடைசி ரெண்டு எண்ணுதான் தெரிஞ்சுச்சு. அதச் சொல்லிட்டேன்."

"முளுசாச் சொல்லியிருக்கலாம்லண்ணே. எந்தக் கம்பெனி வண்டின்னு ஊருக்கே தெரியுமே."

"ஊருக்குத் தெரியும்மா. நான் பாக்கலியே."

அவள் முகம் இறுகியது. பஸ் வந்ததும் ஏறி முன்பக்கம் உட்கார்ந்துகொண்டாள். சங்கிலிமுத்து பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் சீட் காலியாகத்தான் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை. ஊர் வரும்வரை அந்த இரண்டு எண்களும் சரிதானா என்று மனசுக்குள் மறுபடியும் மறுபடியும் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.