யோகம் மாமியின் காவிளாய்

காவிளாய் இலையின் நுனியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் 'டிக்' என்று அறுந்து, கையில் வரும் துண்டு அம்பு முனைபோல் கூராகவும், செடியில் நிற்கும் மிச்சம் மீன்வால்போல் பிளந்தும் இருக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த ஓர் அறுப்பை வைத்தே நான் அந்தச் செடியைச் சொல்லிவிடுவேன். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போகும் வழியில் எங்களுக்கு அது விளையாட்டு, யாருடைய அம்பு கூரோ அவருக்கு வெற்றி. நான் தோற்றதாக எனக்கு நினைவில்லை.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் லண்டனில் கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தோம், கீழே யோகம் மாமி இருந்தார். இரத்த உறவு ஒன்றுமில்லை, ஆனால் எங்கள் வீட்டுக் கதவுத் திறப்பு அவரிடமும் ஒன்று இருந்தது, வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் டொக்டருக்கு முதல் அவரைத்தான் கூப்பிடுவோம். எனக்குப் பதினொரு வயதாக இருந்த கோடையில், பெற்றோல் நிலையத்தில் வேலைசெய்த அப்பாவுக்கு "சீனி வருத்தம்", அதாவது நீரிழிவு, என்று கண்டுபிடித்து டொக்டர் வெள்ளைக் குளிசை கொடுத்தார். அம்மாவின் தகப்பன் அந்த வருத்தத்தில்தான் காலை இழந்தவர், ஆகவே அம்மா அப்பாவின் காலைப் பார்த்துப் பார்த்தே அழுதார்.

அப்போதுதான் ஒரு மத்தியானம் யோகம் மாமி ஒரு கட்டுச் செடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"இஞ்சை பார் பிள்ளை, காவிளாய்! லண்டனிலை காவிளாய்! ஆத்தங்கரை முழுக்க நிக்குது. உந்தக் குளிசையை நிப்பாட்டிப்போட்டு ஊரிலை செய்யிறமாதிரி இதை அவிச்சுக் குடு, ஆள் எழும்பி ஓடுவார்."

அம்மாவின் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. நான் செடியைப் பார்த்தேன். இறகுபோல் இரண்டு பக்கமும் அடுக்கின இலை, பயற்றம்பூப் போல ஊதாப் பூ, எல்லாம் ஒரே குடும்பத்துச் சாயல்தான். ஆனால் எங்கள் காவிளாய் முழங்காலைத் தாண்டாது, இது மாமியின் இடுப்பளவு நின்றது. காவிளாய்க் காய் தட்டை, இது ஈர்க்குபோல உருண்டை. இலையை இழுத்தேன். அம்பு வரவில்லை, கந்தல் துணிபோலக் கிழிந்தது.

"மாமி, இது காவிளாய் இல்லை."

"குளிருக்கு இலை அப்பிடித்தான் மாறும். நீயும் வரேக்கை கறுப்பாய்த்தானே வந்தனி, இப்ப வெளுத்துப் போகேல்லையே?"

அம்மா சிரித்தார், சிரித்துக்கொண்டே அடுப்பை மூட்டினார். பச்சை வாசம் படிவரை இறங்கியது. அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே கோப்பை அவர் கைக்கு வந்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! மிச்ச இலை எல்லாவற்றையும் அள்ளி மேசையில் போட்டு, ஒவ்வொன்றாக இழுத்துக் கிழித்து அப்பாவின் முன்னால் பரப்பினேன். ஒன்றிலாவது அம்பு இருந்தால்தானே!

"அப்பா, இதைக் குடிச்சா நான் உங்களோடை கதைக்கமாட்டன்."

அப்பா ஊரில் தோட்டத்துக்குப் பசளையாகக் காவிளாய் வெட்டித் தாழ்த்த ஆள். ஒரு இலையை எடுத்து அவரும் இழுத்தார், கிழிசலைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு கோப்பையை மேசையில் வைத்தார்.

"யோகமக்கா, கோவிக்காதேங்கோ. இது எங்கடை காவிளாய் இல்லை. நான் குளிசையையே போடுறன்."

"ஓம் ஓம், பெரிய டொக்டரைப் பெத்து வைச்சிருக்கிறியள், எனக்கென்ன!" என்று மாமி இறங்கிப் போனவர்தான், அம்மா கொடுத்துவிட்ட வடைகூடத் திரும்பி வந்தது. பிறகு நான் பெரியபிள்ளையாகி நடந்த சாமத்தியச் சடங்கில் ஒன்றுமே நடக்காததுபோல் வந்து முன்னுக்கு நின்று ஆலாத்தி எடுத்தார், அது வேறு கதை.

சில வருடத்துக்குப் பிறகு நூலகத்தில் ஒரு செடிப் புத்தகத்தில் மாமியின் அந்தச் செடியைப் படமாகக் கண்டேன். மேய்ந்தால் செம்மறி ஆடுகள் செத்துப்போகும் என்று போட்டிருந்தது. ஆட்டின் பெயரைச் சேர்த்து அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர். வேடிக்கை என்னவென்றால் அமெரிக்கப் புல்வெளிகளில் பூக்கும் காவிளாயின் சொந்தத் தங்கச்சிக்கும் அதே பெயர்தானாம். வெள்ளைக்காரரே குழம்பியிருக்கிறார்கள், மாமியை மட்டும் என்னத்துக்குக் குறை சொல்வது!

இப்போது அந்த ஆற்றங்கரைத் தரிசில் மாடிவீடுகள் எழும்பிவிட்டன, செடி நின்ற இடத்தில் சைக்கிள் பாதை ஓடுகிறது. யோகம் மாமியும் போய்விட்டார். எண்பதைத் தாண்டிய அப்பா அதே குளிசையைத்தான் இன்றும் போடுகிறார், இரண்டு காலும் பத்திரமாக இருக்கின்றன. போன மாதம் மருந்துக்கடையில் வேலைசெய்யும் என் மகள்தான் சொன்னாள்: அந்தக் குளிசையின் பூர்வீகமே ஆட்டின் பெயர்கொண்ட, மாமி கொண்டுவந்த அந்தச் செடிதானாம், அதில் இருந்த ஒரு பொருளைப் பார்த்துத்தான், நஞ்சைக் குறைத்து, இதைச் செய்தார்களாம்.

அப்பாவிடம் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார். "அப்ப அவ கொண்டு வந்தது மருந்துதானடி!"

இல்லை, அவித்துக் குடித்திருந்தால் நஞ்சுதான். நான் அன்று சொன்னதில் இன்றைக்கும் ஒரு சொல் மாற்றமாட்டேன். ஆனால் இந்தச் சேதியைக் கேட்டு இடுப்பில் கையை வைத்து, "நான் அப்பவே சொன்னனான்!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்துவதற்கு மாமி இல்லையே என்று, அப்பா சிரித்துக்கொண்டிருக்கும்போதே நான் அழுதுவிட்டேன்.