முப்பத்தெட்டு நொடி மௌனம்

மதியம் இரண்டு மணி பதினேழு நிமிடம்.

கணினித் திரையின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் இவ்வளவு சரியாகச் சொல்ல முடிகிறது. பேய் என்றால் நடுநிசி வேண்டும் என்பார்கள். நான் வேலை செய்யும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. அங்கே இரவும் பகலும் ஒன்றுதான். நான் குடித்திருக்கவில்லை. கண் அசரவும் இல்லை. இது நடந்தது.

நான் அப்போது ஒலி சேர்த்துக்கொண்டிருந்த படம் வெளிவருவதற்கு முன்பே ஊர் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. வருங்காலத்து அரசாங்கம் ஒன்று, கத்தி தூக்கும் பையன்களைப் பிடித்துப் போய் ஓர் இல்லத்தில் அடைத்துத் 'திருத்துகிறது'. அதுதான் கதை. பையன்களைக் கெடுக்கும் படம் என்றார்கள் சிலர். அரசாங்கத்தைக் கேவலப்படுத்தும் படம் என்றார்கள் மற்றவர்கள். தணிக்கைக் குழு கடைசியில் ஒரே ஒரு மாற்றம் கேட்டது. இல்லத்தில் பையனை அடிக்கும் காட்சியில் முப்பத்தெட்டு நொடிக்கு ஒலி இருக்கக் கூடாது.

"பையனுங்க குத்தலாமாம்ணே. வார்டன் அடிக்கலாமாம். சத்தம்தான் வரக் கூடாதாம்" என்றான் சோடாபுட்டி. என் உதவியாளன். கண்ணாடி அத்தனை தடிமன்.

அந்தக் காட்சியில் அடி வாங்குகிறவனே ஒவ்வோர் அடியையும் எண்ண வேண்டும். தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. பத்தில் காட்சி முடியும். எண்ணுவது திரைக்கதையில் இல்லை. நடிக்க வந்த பையன் சொன்னது. நிஜமான அரசு சிறுவர் சீர்திருத்த இல்லத்திலிருந்து எட்டுப் பையன்களை டைரக்டர் அழைத்து வந்திருந்தார். கூடவே நிஜ வார்டனும்.

"அச்சு அசலா இருக்கு. வெச்சுக்கலாம்" என்றார் டைரக்டர்.

அடி வாங்கி நடித்த அந்தப் பையனின் சட்டைக்குள் மைக்கை ஒட்டியது நான்தான்.

"மைக் ஆஃப்தானே அண்ணா?"

"ஆஃப்தான். ஆடாம நில்லு."

ஆனில் இருந்தது. உண்மையைச் சொன்னால் புதியவர்கள் விறைத்துக்கொள்வார்கள். எங்கள் தொழிலில் எல்லோரிடமும் சொல்கிற பொய் அது.

"இன்னிக்கு என்னைத் திருப்பி அனுப்பாதீங்கண்ணா. அங்க ராத்திரியில நிஜமாவே எண்ண வைக்கிறாங்க."

"ஷாட் முடியட்டும், பாக்கலாம்."

என் மேஜைக்குத் திரும்பினேன். வார்டன் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்தவர் சும்மா நிற்கிறாரே என்று காலையில் நானே கொடுத்தது. கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நல்லா தெளிவா கேக்குது சார்."

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஷாட்டை எடுத்தோம். சாயங்காலம் வேன் எட்டுப் பேரையும் ஏற்றிக்கொண்டு போனது. நான் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அதற்கு நாலு மாதம் கழித்துத்தான் அந்த மதியம்.

இரண்டு பதினேழுக்கு ம்யூட்டை அழுத்தினேன். காட்சியை ஓடவிட்டேன். திரையில் பிரம்பு இறங்கியது. சத்தமில்லை.

ஒலி அளவைக் காட்டும் மீட்டர் ஆடியது.

அந்தப் பையனின் ஒலித்தடத்தில் மட்டும். பச்சைக் கோடு ஒரு துள்ளல். ஓய்ந்தது. மறுபடி ஒரு துள்ளல்...

பிறகு ஸ்பீக்கரில், மெல்ல...

"எட்டு... ஒம்போது... பத்து..."

காட்சி முடிந்தது. படத்தை நிறுத்தினேன். திரை உறைந்தது.

"பதினொண்ணு..."

கதவு திறந்தது. சோடாபுட்டி, கையில் டீ.

"யாருண்ணே எண்ணுறது?"

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன்.

"இருபத்திரெண்டு..."

டீ கிளாஸ் உடைந்தது.

இரண்டு இருபது.

குரல் தேய்ந்தது. மூச்சுத்தான் அதிகம்.

"முப்பது..."

"முப்பத்தொண்ணு..."

அவ்வளவுதான்.

படம் வந்தது. அந்த முப்பத்தெட்டு நொடி மௌனத்தை விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஒலியை அணைத்தது மேதைமையாம். டைரக்டர் மேடையில் அழுதார். ஒலிக்கான விருதை எனக்குக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

விழா வாசலில் ஒருவன் காத்திருந்தான். அந்த எட்டுப் பேரில் ஒருவன். இல்லத்திலிருந்து வெளியே வந்து, மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்க்கிறானாம்.

"அடி வாங்கி நடிச்சானே, ஷூட்டிங் அன்னிக்கு ராத்திரியே அவன் செத்துப் போயிட்டான் சார். பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான்னு எழுதிட்டாங்க. நாங்க பக்கத்து ரூம்ல இருந்தோம். எண்ணிக்கிட்டே இருந்தான்."

விருதைக் கை மாற்றிப் பிடித்தேன். அவனே சொன்னான்.

"முப்பத்தொண்ணு வரைக்கும்."

அந்தத் தடத்தை அழித்துவிட்டேன். கூடத்தையும் மாற்றிவிட்டேன்.

நேற்று வேறு படம். காதல் படம். ஒரு வசனத்தை ம்யூட் செய்தேன். மணி பார்த்தேன். இரண்டு பதினேழு.

ஹெட்போனில்... காதுக்கு வெகு அருகில்...

"அண்ணா... மைக் ஆஃப்தானே?"