மலை ஏறுவதற்கு ஒரு மாத்திரை

திருப்பதியில் குடியிருந்தால் விருந்தாளிகளுக்குக் குறைவே இருக்காது. நகரியிலிருந்தும் வேலூரிலிருந்தும் வருகிற சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் குளித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் மலைக்குப் போவார்கள். மருமகளும் கூடப் போக வேண்டும் என்பது என் மாமியார் வைத்த வழக்கம். அன்றைக்கு எனக்கு மாதவிடாய் வந்துவிடக் கூடாது என்பது அதோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு வழக்கம்.

அதைத் தள்ளிப்போட மாத்திரை இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டுகூடக் கேட்க மாட்டார்கள். என் கணவர் பால் பாக்கெட்டோடு சேர்த்து அதையும் வாங்கி வருவார். மகள் பிறந்து, மாதவிடாய் திரும்பிய பிறகு அடிக்கடி போட்டேன். நாத்தனார் குடும்பம், அவர்களுடைய சம்பந்தி வீடு, கொழுந்தனாருக்குப் பெண் பார்த்த இடம் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தது. நான் பி.எஸ்சி. படித்தவள். அது உடம்பை என்ன செய்யும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாமி காரியம் நம்மால் கெட வேண்டாம் என்று விழுங்கினேன்.

பிறகு ஒரு மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. மகள் இன்னும் பால் குடிக்கிறாள், அதனால் இருக்குமோ? ஒருவேளை கர்ப்பமோ? கர்ப்பத்தோடு மாத்திரையும் போட்டிருந்தால்? சோறு வடிக்கும்போதும் இதே யோசனைதான்.

"இன்னாம்மா, இந்த மாசமும் குளிக்கலியே? பேரன்னு நெனச்சிக்கினு இருக்கேன்," என்றார் மாமியார்.

சோதனைக் கார்டில் ஒற்றைக் கோடுதான் வந்தது. அதைச் சொன்னதும் அவர் குரல் மாறிவிட்டது. "அப்போ உன் ஒடம்புலதான் கோளாறு. நேரத்துக்குத் துன்னாத்தானே?"

எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிறவளிடம் இதைச் சொல்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு மாமியாரும் கூட வந்தார். டாக்டரம்மா தெலுங்கில்தான் பேசினார், அவருக்கு நன்றாகப் புரிகிற தெலுங்கு. மாத்திரை போடுகிறவரை கருப்பையின் உள்பூச்சு உதிராமல் நிற்கும், நிறுத்தினால் உதிர்ந்து ரத்தமாக வரும், இப்படி அடிக்கடி செய்தால் மாதக் கணக்கு குழம்பும் என்றார். தாய்ப்பால், தூக்கமின்மை, கவலை, தைராய்டு, சினைப்பையில் நீர்க்கட்டிகள் இவற்றாலும் நின்றுபோகலாம், ரத்தமும் ஸ்கேனும் பார்க்காமல் சொல்ல முடியாது, அதுவரை அந்த மாத்திரையைத் தொடாதே என்றார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மாமியார் கேட்டார்: "எங்க அண்ணன் வூட்ல மொட்டை போட வர்றாங்க மேடம். அதுக்கு மட்டும் ஒண்ணு எழுதிக் குடுங்களேன்."

டாக்டரம்மா ஸ்கேனுக்கு மட்டும் சீட்டு எழுதி என்னிடம் நீட்டினார். எனக்கு முகம் எரிந்தது.

தைராய்டு சரியாக இருந்தது. ஸ்கேனுக்கு முன்பே மொட்டைக்காரர்கள் வந்துவிட்டார்கள். முந்தின வாரமே ஃப்ரிட்ஜ் மேல் மாத்திரை அட்டை வந்து உட்கார்ந்திருந்தது.

"எனக்குத்தான் வரவே இல்லியே. எதுக்குங்க மாத்திரை?" என்று கணவரிடம் கேட்டேன்.

"அதான் பயம். உனக்கு இப்போ தேதியே தெரியல. அங்க போய் வந்துட்டா?"

மாத்திரையால் குழம்பிய உடம்புக்கு, குழம்பிவிட்டது என்பதற்காகவே இன்னொரு மாத்திரை. அவர் டிப்ளமோ படித்தவர். சொல்லும்போது சிரிக்கக்கூட இல்லை.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் மாத்திரையும் போடல, மலைக்கும் வரல."

"கேக்குறவங்களுக்கு இன்னா சொல்றது?" என்றார் மாமியார்.

"டாக்டர் வேணாம்னாங்கன்னு சொல்லுங்க அத்தே."

வேன் போன பிறகு நாளெல்லாம் எனக்கு நிம்மதி இல்லை. சாமி விஷயத்தில் வீம்பு பிடித்துவிட்டேனோ, ஒரு தடவைதானே, போட்டிருக்கலாமோ என்று மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைந்தேன். ஆனால் அட்டையைப் பிரிக்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்து எல்லோருக்கும் லட்டு பிட்டுக் கொடுத்தார் மாமியார். நான் கை நீட்டினேன். என் பங்கை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"எனக்கு இன்னும் வரல அத்தே," என்றேன்.

"மாத்திரை போடலியே நீ," என்றார்.