டிரைவர் அந்தோணிக்கு ரத்தம் மாற்ற வந்தவர்கள்

மீன்பிடி துறைமுகத்துக்குப் பக்கம், கல்மண்டபம் ஏரியாவில் ஒரு சின்ன லேப். ரத்தம் எடுப்பது என் வேலை. போன வருஷம் நின்றுவிட்டேன். புதிதாக ஊசி பிடிக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு காலை கதவைத் திறந்தால் ஒரு மீன்பிடி போட்டின் ஆட்கள் மொத்தமும் வாசலில். நடுவில் அந்தப் போட்டை ஓட்டும் அந்தோணி. அறுபது தாண்டியவர். பீடி, சரக்கு, சுகர் எதுவும் இல்லை. அப்படியும் மாரடைப்பு வந்து, அடைத்த குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்த அணுக்கள் மேல் டாக்டருக்குச் சந்தேகம். ஜீன் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்தது நான்தான். முந்தின நாள் ரிசல்ட் வந்தது. வயதாக ஆக அணுக்களில் சில மாறிவிடும், அதுவும் மாரடைப்புக்கு ஒரு காரணம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, டிரைவரு ரத்தம் கெட்டுப்பூச்சாம். அத்த எட்த்துட்டு எங்கள்த ஏத்து" என்றான் வலை இழுக்கும் சேகர்.

அந்தப் போட்டில் அது வழக்கம். ஒருத்தர் படுத்தால் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். ரத்தம் கொடுக்க வந்துவிடுவார்கள்.

"இன்னாடா, இஞ்சின் ஆயிலுன்னு நென்ச்சியா?"

"அதேதாங்கா. கருத்த ஆயில வச்சிகினு எப்டி ஓட்றது?"

எல்லாரும் சிரித்தோம். அந்தோணி மட்டும் சிரிக்கவில்லை.

"ரத்தத்தையே மாத்தப் போறாங்க, மாத்திர எதுக்கும்மா? நேத்தே நிறுத்திட்டேன்."

ஸ்டென்ட் வைத்தவர் மாத்திரையை விட்டால் அதில் ரத்தம் கட்டிக்கொள்ளும். உடனே டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஐயா, ரத்தம் எலும்புக்குள்ள ஊறுது. மாற்றம் அங்கதான். வெளியிலேர்ந்து எவ்வளவு ஏத்தினாலும் உள்ள மறுபடி அதே அணு ஊறும். இது கேன்சர் இல்ல, வயசானவங்க பல பேருக்கு இருக்கு. ஆனா ரத்தக்குழாய உள்ளுக்குள்ள புண்ணாக்கும். அதனாலதான் மத்தவங்களவிட நீங்க ஜாக்கிரதையா இருக்கணும். இப்பவே மாத்திரையப் போட்டுட்டு நேரா இங்க வாங்க."

"அப்ப எங்களால ஒன்னியும் ஆவாதா சார்?" என்று கேட்டான் சேகர்.

"அவர் மாத்திரைய விடாம பாத்துக்கங்கப்பா."

சேகர் அந்தோணி வீட்டுக்கு ஓடி மாத்திரையை எடுத்து வந்தான். என் கண் முன்னால் விழுங்க வைத்து டாக்டரிடம் அனுப்பினேன். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை.

ரத்தம் எடுத்து அனுப்பினால் என் வேலை முடிந்தது என்று இருந்தேன். அதற்குப் பிறகு யார் ரிசல்ட் வாங்க வந்தாலும், "மாத்திர போட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கவரைக் கொடுத்தேன். நீங்களும் கேளுங்கள்.

வாசலில் மீன் வாசனையோடு ஆட்கள் நிற்கும் அந்தக் காலைகளை இப்போது மனம் தேடுகிறது.

சில மாதம் கழித்து டாக்டர் அனுமதித்து அந்தோணி மறுபடி போட் ஏறினார். மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டினால்தான் சேகர் கயிற்றை அவிழ்க்கிறானாம்.