நல்ல கையில் போட்ட கட்டு

குற்றாலத்து அருவியில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. நான் விழுந்தது எங்கள் வீட்டு மொட்டை மாடியில். கூழ் வற்றல் ஊற்றிக்கொண்டிருந்தேன். காக்கா வருமோ, மழை வருமோ என்று வானத்தையே பார்த்தபடி பின்னால் நடந்து, நான் ஊற்றிய வற்றலில் நானே கால் வைத்தேன். வலது மணிக்கட்டு. விசாரிக்க வந்த முதல் இரண்டு பேரிடம் ஐந்தருவியில் விழுந்தேன் என்றுதான் சொன்னேன். மூன்றாவதாக வந்தவள் என் நாத்தனார். அவளிடம் அது செல்லவில்லை. என் சேலை முழுக்க வற்றல் ஒட்டியிருந்தது.

என் கணவரின் தங்கை அவள். தென்காசியில் எங்களுக்கு அடுத்த தெரு. அவளும் நானும் ரிங் ஆட்டத்தில் ஜோடி. பள்ளிக்கூடத்தில் நீங்களும் ஆடியிருப்பீர்கள்: நடுவில் வலையைக் கட்டி, ரப்பர் வளையத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எறிந்து பிடிக்கிற ஆட்டம். டென்னிகாய்ட் என்று பெரிய பெயர் ஒன்றும் அதற்கு இருக்கிறது. ஒன்பதாம் வகுப்போடு என்னை வீட்டில் நிறுத்தியபோது கணக்கும் இங்கிலீஷும் போனதற்கு நான் அழவில்லை, ரிங் போனதற்குத்தான் அழுதேன். கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்து, நாற்பதைத் தாண்டிய பிறகு நாத்தனார்தான் என்னை மறுபடியும் மைதானத்துக்கு இழுத்துப்போனாள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கென்று தனியாகப் போட்டி நடக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அம்பாசமுத்திரம், கடையநல்லூர், சங்கரன்கோவில் என்று போய் ஆடினோம். பெரிய போட்டிகள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆறேழு ஜோடி வரும். முதல் பரிசு ஹாட் பாக்ஸாக இருக்கும்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கேஸை மூடினேனா, பஸ் பிரேக் பிடிக்குமா, போன் அடித்தால் யாருக்கு என்னவோ என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கும். கோட்டுக்குள் கால் வைத்தால் மட்டும் அது வெளியே நின்றுவிடும். விழுந்த பிறகு அதுவும் கூடவே உள்ளே வந்துவிட்டது.

மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர், எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது, தாராளமாக ஆடலாம் என்றார். எலும்புக்கு அது கேட்டிருக்கும். எனக்குக் கேட்கவில்லை. தோசையைக்கூட இடது கையால்தான் திருப்பினேன். ரிங்கில் ஒரு விதி உண்டு. எந்தக் கையால் பிடிக்கிறோமோ அந்தக் கையாலேயே, நிறுத்தாமல், திருப்பி எறிய வேண்டும். கை மாற்றக் கூடாது. அதனால் மாடியில் துணி காயப்போடும் கொடியையே வலையாக வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் இடது கையைப் பழக்கினேன். அது நன்றாகவே படிந்தது. வளையம் வலது பக்கம் வந்தால்தான் வம்பு. வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

நாத்தனார் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டேவிட்டாள். பேங்கில் வேலை பார்க்கிற மேடம் ஒருவர் அவளோடு ஜோடி சேர ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மதினி, குத்தாலம் போட்டியில ஆடிப் பாப்போம். வலது கை வந்துட்டுன்னா நம்ம ரெண்டு பேருந்தான். வரலைன்னா, தப்பா நெனைக்காதீய, அடுத்த மாசத்துல இருந்து நான் அந்த மேடத்தோட ஆடுதேன்."

தப்பாக நினைக்கவில்லை. நியாயமான பேச்சு. ஆனால் அன்றிலிருந்து பேங்க் இருக்கிற தெரு வழியாக நான் நடக்கவில்லை.

போட்டி, சாரல் பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. குற்றாலம் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூட மைதானம். மலையில் பாதியை மேகம் மூடியிருந்தது. வருகிற கார்களெல்லாம் அருவிக்குப் போக, நாங்கள் இருவர் மட்டும் சுடிதாரும் ஷூவுமாக ஆட்டோவிலிருந்து இறங்கினோம். என்னோடு என் பையும் இறங்கியது. குடை, துண்டு, தைலம், குளுக்கோஸ், ஊக்கு, மாற்றுத் துணி, ஆதார் ஜெராக்ஸ், பிளாஸ்க்கில் மிளகு ரசம், இதெல்லாம் போதாதோ என்று கடைசியில் திணித்த ஒரு போர்வை. தூக்கினால் அரிசிப் பை.

மரத்தடியில் உட்கார்ந்ததும் நாத்தனார் கைக்குச் சுற்றுகிற பட்டைத் துணியை எடுத்தாள்.

"கைய நீட்டுங்க."

வலது கையை நீட்டினேன்.

"அது இல்ல. நல்ல கை."

"ஏட்டி, நல்ல கைக்கு எதுக்குக் கட்டு?"

"நீங்க கை ஒடைஞ்சு கெடந்தது ரிங் ஆடுத எல்லாத்துக்கும் தெரியும். எந்தக் கைன்னு இன்னைக்கு நம்மளோட ஆடப்போற செங்கோட்டைக்காரியளுக்குத் தெரியுமா? கட்டு எங்கன இருக்கோ அங்கனதான் எறிவாளுவ."

"ஏட்டி, இது தப்பில்லையா?"

"கட்டுப் போடக்கூடாதுன்னு எந்த ரூல்ல இருக்கு? பேசாம இருங்க. மூஞ்சிய மட்டும் வலிக்க மாதிரி வச்சுக்கிடுங்க."

"அது எப்பவும் அப்படித்தானட்டி இருக்கு."

"அந்தத் தைரியத்துலதான கட்டுதேன்."

செங்கோட்டை ஜோடியில் ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை. நெட்டைக்காரியின் கை வலையைத் தாண்டி நம் மூக்கைத் தொட்டுவிடும் போலிருக்கும். கேரளாவைப் பார்த்தபடி இருக்கிற ஊர், அதனால் எல்லாரும் அவளுக்குச் சேச்சி. வந்ததும் என் இடது கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அய்யோ சேச்சி, ஒடைஞ்ச கை இதானா? இப்பவும் வலி உண்டா?"

"ஏதோ இருக்கு" என்றேன். மூஞ்சி தானாக ஒத்துழைத்தது.

"பாத்து ஆடுங்க கேட்டீளா" என்று அத்தனை பிரியமாகச் சொல்லிவிட்டுப் போனவள், நடுவராக நின்ற பி.இ.டி. சார் விசில் ஊதியதும் முதல் வளையத்தையே என் இடது கைக்கு எறிந்தாள். பிடித்துத் திருப்பினேன். அடுத்ததும் இடதுக்கு. குட்டைக்காரியும் இடதுக்கு. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றாக வாங்கி, அவர்கள் கால் மாட்டில் போட்டுக்கொண்டே இருந்தேன். நாத்தனார் பக்கத்தில் நின்று, "அய்யோ மதினி, கை, கை" என்று பதறுவது மாதிரி நடித்தாள். அவள் பதறப் பதற அங்கே எறிந்தார்கள். முதல் செட் எங்களுக்கு வந்துவிட்டது.

பக்கம் மாறும் நேரத்தில் சாரல் சடசடவென்று இறங்கியது. எல்லாரும் வராந்தாவுக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். பாதி வழியில் பை ஞாபகம் வந்தது. மரத்தடியில் நனைந்துகொண்டிருந்தது. போர்வை! ஆதார்! திரும்பி ஓடி, ஒரே இழுப்பில் பையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்து நின்றேன். மூச்சு வாங்கிய பிறகுதான், நெட்டைக்காரி டீயைக் குடிக்காமல் என்னையே பார்க்கிறாள் என்று தெரிந்தது. பை என் இடது கையில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டுப் போட்ட கையில்.

"சேச்சி" என்றாள். "அந்தக் கையில ஒரு கொழப்பமும் இல்லல்லோ!"

குட்டைக்காரி டீயைத் துப்பிவிட்டாள். "அடி கள்ளி!"

நான் பையை வலது கைக்கு மாற்றப் பார்த்தேன். அது முடியவில்லை. அதையும் அவர்கள் பார்த்தார்கள். நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நால்வரும் சிரித்த சிரிப்பில் பி.இ.டி. சார் விசிலும் கையுமாக ஓடிவந்தார்.

"என்னம்மா பிரச்சினை?"

"ஒண்ணுமில்ல சார்" என்றாள் நெட்டைக்காரி. "சேச்சிக்குக் கட்டு எடம் மாறிப்போச்சு."

இரண்டாவது செட்டைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? வளையமெல்லாம் வலது பக்கம். இடது கையைக் குறுக்கே நீட்டிப் பிடிக்கப் போய், சுற்றிக்கொண்டு விழப் பார்த்தேன். என் பக்கத்தையும் சேர்த்து ஆட ஓடிவந்த நாத்தனார் என் மேல் மோதினாள். வலது கை முதுகுக்குப் பின்னால் சொகுசாக இருந்தது. செட் அவர்களுக்குப் போய்விட்டது.

மூன்றாவது செட்டுக்கு முன்னால் நாத்தனார் என் இடது கைக் கட்டை அவிழ்த்தாள். கோபமில்லாமல்தான் பேசினாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மதினி, ஒரே ஒரு தடவ வலது கைய நீட்டுங்க. ஒடைஞ்சா ஒடையட்டும். கட்டுப் பிரிக்க வரைக்கும் உங்க வீட்டுக்கு நான் சமைச்சுப் போடுதேன்."

"நீ சமைச்சா உங்க அண்ணன் ஒரு வாரத்துல ஆஸ்பத்திரிக்குப் போயிருவாவட்டி."

"அப்பம் ஒடைக்காம புடிங்க."

ஆட்டம் தொடங்கியது. வளையம் ஈரத்தில் மீன் மாதிரி நழுவியது. வலதில் வந்த இரண்டை விட்டேன். மூன்றாவது, நெட்டைக்காரி எட்டி நின்று ஓங்கி எறிந்தது, நேராக என் வலது தோளைப் பார்த்து வந்தது. விலக நேரமில்லை. முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கை போயிற்று என்று நினைக்கிறேன். வளையம் விரலுக்குள் வந்து உட்காருவதற்கு முன்னாலேயே நான் "யம்மா!" என்று கத்திவிட்டேன். மைதானமே திரும்பிப் பார்த்தது. கத்திக்கொண்டேதான் திருப்பி எறிந்தேன். கத்தலில் திகைத்துப்போன நெட்டைக்காரி அப்படியே நிற்க, வளையம் அவள் காலடியில் விழுந்தது.

"சேச்சி, என்னாச்சு?"

வலி வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. கையைத் திருப்பிப் பார்த்தேன். மணிக்கட்டை மடக்கினேன். சுள்ளென்றுகூட இல்லை.

"வலிக்கல" என்றேன்.

"பெறகு எதுக்கு அந்தச் சத்தம்?" என்றார் பி.இ.டி. சார்.

"வலிக்கும்னு சார்."

அதற்குப் பிறகு எனக்கு என்னவோ பிடித்துக்கொண்டது. வலதா, கொண்டா. இடதா, அதையும் கொண்டா. நாத்தனாருக்கு வந்த வளையத்தையும் குறுக்கே பாய்ந்து வலது கையால் பிடித்தேன். அவள் "அது எனக்குள்ளது!" என்று கத்தியது காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை. ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் பழக்கதோஷத்தில் ஒரு "யம்மா!" வந்தது. சாரலுக்கு ஒதுங்கிய குளியல்காரர்கள் சிலர், தலையில் துண்டோடு கோட்டுப் பக்கம் வந்து நின்றுகொண்டு, என்னோடு சேர்ந்து "யம்மா!" போட்டார்கள். நாங்கள் பின்தங்கியிருந்த புள்ளிகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். கடைசியில் செங்கோட்டைக்கு ஆட்டம் முடிய ஒரே புள்ளி பாக்கி, எங்களுக்கு இரண்டு.

நெட்டைக்காரி களைத்துப்போயிருந்தாள். அவள் எறிந்த வளையம் கையை விட்டு நழுவி, உயரமாக, என் வலது பக்கக் கோட்டுக்கு வெளியே போனது. குழந்தைக்குக்கூடத் தெரியும் அது வெளியே என்று.

"விடுங்க! மதினி, அவுட்டு! விடுங்க!"

கேட்டது. விட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் அது வலது பக்கம் போகிறது. அவ்வளவு அழகாக, என் கைக்கு எட்டுகிற தூரத்தில் போகிறது. எப்படி விடுவது? எம்பினேன். பிடித்தேன். "யம்மா!" கோட்டுக்கு வெளியே ஒற்றைக் காலில் நின்றுகொண்டு எறிந்த எறி, வலையில் போய்ப் பட்டுத் தொங்கிற்று.

விசில். ஆட்டம் போயிற்று.

செங்கோட்டைக்காரிகள் கட்டிக்கொண்டு குதித்தார்கள். நானும் குதித்தேன். நாத்தனார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நான் குதித்து முடிக்கும்வரை நின்றாள்.

"எதுக்கு மதினி குதிக்கீய? நாம தோத்துட்டோம்."

"புடிச்சேன், பாத்தியா?"

"எல்லாரும் பாத்தாவ. வெளிய போற பேய வீட்டுக்குள்ள கூப்பிட்ட மாதிரில்லா புடிச்சீய! அடுத்த மாசம் கடையநல்லூர்ல வந்து இப்படி அவுட்டு போறதத் தொட்டீயன்னு வையுங்க, அந்தக் கைய நானே ஒடைச்சிருவேன்."

"கடையநல்லூர்ல யாரு, நாமளா ஆடுதோம்?"

"பெறகு? பேங்க்ல லோன் கேட்கவா போறோம்? காலையில அஞ்சரைக்கு வாங்க. அவுட்டுன்னு சொன்னா விடுததுக்கு மொதல்ல பழகணும்."

சரி சரி என்று தலையாட்டினேன். காதில் ஒன்றும் ஏறவில்லை. சாரல் விட்டு வெயில் வந்திருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் நெட்டைக்காரி துண்டால் முகம் துடைத்துக்கொண்டு, வளையத்தை விரலில் சுற்றியபடி நின்றாள்.

"சேச்சி" என்றேன். "வலது பக்கம் ஒண்ணு எறியேன்."

எறிந்தாள். பிடித்தேன். இன்னொன்று எறிந்தாள். அதையும் பிடித்தேன். பி.இ.டி. சார் ஓரத்தில் நின்று விசிலை ஊதிக்கொண்டே இருந்தார்.

"அம்மா, அடுத்த ஜோடி நிக்கி. எறங்குங்கம்மா. நீங்கதான் தோத்துட்டீயள்லா!"