இருபதாவது கதிரை

“பாஸ் பண்ணின ஆக்கள் என்னத்துக்கு சேர் திரும்பவும் சோதினை எழுதுறாங்க?”

போன புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு, என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் இப்படிக் கேட்டார். பொதுவான கேள்விதான். யாரையும் குறிவைத்ததல்ல. ஆனால் நான் அரைவாசி திறந்திருந்த மேசை லாச்சியை முழங்காலால் மெதுவாகத் தள்ளி மூடினேன்.

உள்ளே என் பரீட்சை அனுமதி அட்டை இருந்தது!

நான் கல்முனையில் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன் என்பது இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குத் தெரியும். சிங்களத்தில் வரும் கடிதத்தைத் தமிழாக்குவது, தமிழில் வரும் முறைப்பாட்டைச் சிங்களமாக்குவது - இதுதான் தொழில். அதற்கான தகைமைப் பரீட்சையில் பதினொரு வருடங்களுக்கு முன்பே சித்தியடைந்துவிட்டேன். சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியும் இருக்கிறேன்.

பிறகு ஏன் மறுபடி விண்ணப்பித்தேன்?

எல்லாம் ஒரு சொல் செய்த வேலை. அன்றைய வினாத்தாளில் நீர்ப்பாசன அறிவித்தல் ஒன்றைச் சிங்களத்தில் கொடுத்திருந்தார்கள். நான்கு வயற்பகுதிகளுக்குக் குளத்து நீர் திறக்கப்படும் என்பது செய்தி. எங்கள் பக்கத்தில் வயல்வெளியின் ஒவ்வொரு பெரும் பகுதியையும் ‘கண்டம்’ என்போம். நானும் யோசிக்காமல், “நான்கு கண்டங்களுக்கும் தண்ணீர் திறந்துவிடப்படும்” என்று எழுதிவிட்டேன்.

சித்தியடைய ஐம்பது புள்ளி. எனக்குக் கிடைத்தது ஐம்பத்தொன்று. பிறகு நேர்முகத்தில் வெளியூர் அதிகாரி ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “நீங்கள்தானா ஆசியா, ஆபிரிக்காவுக்கெல்லாம் தண்ணீர் விட்டவர்?”

கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பு பதினொரு வருடமாக என் காதில் இருக்கிறது. ஐம்பத்தொன்றை அழித்து ஒரு தொண்ணூறு எழுத வேண்டும்… அவ்வளவுதான் ஆசை. சம்பளம் கூடாது. பதவியும் உயராது.

இந்த முறை பரீட்சை கல்முனையிலேயே நடக்கிறது. மொத்தம் இருபது கதிரைகள். முந்தி விண்ணப்பித்தவர்களுக்குத்தான் இடம். மற்றவர்கள் கொழும்புக்குப் போய் எழுதலாம்.

எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. பக்கத்து மேசை நவாஸிடம் கேட்டேன். அவர் என்னோடு ஒரே வருடத்தில், அறுபத்தெட்டுப் புள்ளியோடு சித்தியடைந்தவர். எண்பது எடுக்காமல் மௌத்தாகக் கூடாது என்று அவரும் விண்ணப்பம் போட்டிருந்தார்.

“பாஸானவன் திரும்ப எழுதுறது சரியா மச்சான்?”

“இஞ்ச பாரு. ஊட்டுல தனியத் தொழுதிட்டுப் பள்ளிக்குப் போறாய். அங்க ஜமாஅத் நடக்குது. சேர்ந்து திரும்பவும் தொழுறதில்லியா? அது சுன்னத்து, நபி வழி! நல்ல காரியத்த ரெண்டு தரம் செய்ய ஆருட்டப் போய் பெர்மிஷன் கேக்கிற?”

மார்க்கமே நம் பக்கம் நிற்கும்போது வேறென்ன வேண்டும்? படிவத்திலும் எதையும் ஒளிக்கவில்லை. ‘முன்னர் தோற்றியுள்ளீரா?’ - ஆம். ‘பெறுபேறு?’ - சித்தி. நவாஸுக்குப் பதினாலாவது கதிரை வந்தது. எனக்கு இருபதாவது. கடைசிக் கதிரை.

இனிப் புதன்கிழமைக்கு வருவோம்.

வந்தவர் பெயர் பஸ்மினா. ஊர் வரிப்பத்தான்சேனை. ஓர் அலுவலகத்தில் தற்காலிக மொழிபெயர்ப்பாளராக இருக்கிறார். இந்தத் தடவை சித்தியடைந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிகிற நாளோடு வீடு. கணவர் கட்டாரில். மடியில் ஐந்து மாதக் குழந்தை வேறு, என் பேனையை எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் தரமே சித்தியடைந்தவர் என்று யாரோ சொல்ல, என்னிடம் ஆலோசனை கேட்க வந்திருந்தார்.

நானும் பெரிய மனுஷத் தோரணையில் ஆரம்பித்தேன். “வயல் சம்பந்தமா வந்தா, கண்டம் எண்டு மட்டும் எழுதிராதீங்க.”

“கண்டத்தக் கண்டமெண்டு எழுதாம வேற என்னண்டு சேர் எழுதுற? எங்கட வாப்பா வெள்ளாமை செய்றதே கண்டத்துலதானே!”

பதினொரு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் என் கட்சி பேசினார். உடனே அவரை எனக்குப் பிடித்துப்போனது. அடுத்த நிமிடமே அவர் சொன்னார்:

“எண்டாலும் எனக்கு கல்முனையில இடமில்லயாம் சேர். இருபதும் முடிஞ்சிட்டாம். அதுல முந்தியே பாஸ் பண்ணின ஆக்களும் இரிக்காங்களாம். கொழும்புக்கு வரட்டாம்.”

“போகலாம்தானே?”

“இவரத் தூக்கிட்டு எப்பிடி சேர் போற? போத்தல் பால் வாயில வெக்கிறாரில்ல. இஞ்சயெண்டா உம்மா வெளிய வெச்சிட்டு இருப்பா, எழுதி முடிஞ்ச கையோட வந்து குடுத்துருவன். கொழும்புக்கு உம்மாக்கு பஸ் ஒத்துக்கொள்ளா.” குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். அதன் பிறகுதான் முதலில் சொன்ன அந்தக் கேள்வி. கூடவே ஒரு கொசுறு: “அப்பிடி எழுதுற ஒராளக் கண்டா நான் கேப்பன் சேர். வயிறு நிறையத் திண்டுட்டு வந்து, கந்தூரியில அடுத்த சஹன்லயும் குந்துறது சரியாண்டு.”

சஹன் என்றால் கந்தூரி விருந்தில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய தட்டு. ஏழாவது ஆளுக்கு அதில் கை நீட்ட இடமிருக்காது.

எனக்கு வியர்த்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அன்று முழுக்க யோசித்தேன். சித்தியடைந்த பரீட்சையைத் திரும்ப எழுதுவதே பாவமா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. பதினொரு வருடத்தில் மொழி துருப்பிடித்திருக்கலாம். தன்னைத் தானே உரசிப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் உரசிப் பார்க்கப் பழைய வினாத்தாளும் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் போதாதா? எனக்கு வேண்டியிருந்தது பரீட்சை அல்ல, புள்ளி. என் ஐம்பத்தொன்றுக்கு வெட்கப்பட்டது இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். அதைத் துடைக்க இன்னொருவருடைய கதிரை எதற்கு?

வியாழக்கிழமை பரீட்சைக் கிளைக்குப் போனேன். விலகல் கடிதத்தை வாசித்த எழுதுவினைஞர் நிமிர்ந்து பார்த்தார்.

“பயம் புடிச்சிட்டா சேர்?”

“நான் ஏற்கெனவே பாஸ்.”

“அப்ப என்னத்துக்குப் போட்டீங்க?”

 “இந்த இடத்த பஸ்மினாண்டு ஒரு பிள்ளைக்கு…” என்று இழுத்தேன்.

“அப்பிடிக் குடுக்க ஏலா சேர். காத்திருக்கிற லிஸ்ட்ல முதலாவது விநாயகபுரத்து ஆள் ஒராள். அந்தப் பிள்ள ரெண்டாவது.”

ஒரு நல்ல காரியம் செய்யலாமென்று போனால் அதற்கும் வரிசை! வழியெல்லாம் நான் மனதில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன தியாகக் காட்சி அங்கேயே கலைந்தது. ஆனால் விநாயகபுரத்துக்காரருக்கும் ஒரு வீடும் ஒரு கவலையும் இருக்கும்தானே? கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும்போது நவாஸிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“நீ விலகினா விலகு. என்னையும் ஏன் பாக்கிறாய்?”

“பள்ளியில ஸஃப் வரிசையெல்லாம் நிறைஞ்சா வெளிய பாய் போடுவாங்க மச்சான். சோதினை மண்டபத்துல போடுவாங்களா?”

“நான் முறையா விண்ணப்பிச்சு, முறையாக் கிடைச்ச இடம். களவெடுத்தனா?”

“இல்ல.”

“அப்ப விடு. பெரிய மகான், அவுலியாட்டம் கதைக்காத.”

விட்டேன். அவர் சொன்னதில் பிழையும் இல்லை. என் மனச்சாட்சியை அவர் தோளில் ஏற்ற எனக்கு என்ன உரிமை? 

திங்கட்கிழமை மத்தியானம் பஸ்மினா தொலைபேசியில் கத்தினார். “சேர்! இடம் கிடைச்சிட்டு! பதினாலாவது கதிரையாம்!”

நான் பக்கத்து மேசையைப் பார்த்தேன். நவாஸ் ஒரு கோப்புக்குள் முகத்தைப் புதைத்திருந்தார்.

“என்ன மச்சான், விலகிட்டியா?”

“விலகல்ல. வர ஏலாமப் போயிட்டு. அண்டைக்கு பொத்துவில்ல எங்கட சொந்தக்காரப் பிள்ளைட கலியாணமெல்லா? பகல் சாப்பாடு. போகாட்டி ஊட்டுல சண்டை. நீ நினைக்கிற மாதிரி ஒண்டுமில்ல, சும்மா கதை கட்டாத!”

நானும் நம்பினேன்.

அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு வழக்கம்போல நாட்குறிப்பு எழுதினேன். அடுத்த மாதம் பரீட்சை நடக்கும் சனிக்கிழமையைக் குறித்துவைக்க, இங்கிலீஷ் தேதியும் இஸ்லாமியப் பிறைத் தேதியும் போட்ட சுவர்க் கலண்டரைப் புரட்டினேன். விரல் அப்படியே நின்றது. பிறை ஒரு நாள் முன்பின்னானாலும் அன்றைக்கு எட்டாம் நோன்பு, அல்லது ஒன்பதாம் நோன்பு.

நோன்பு மாதத்தில், பட்டப்பகலில், கலியாணச் சாப்பாடு!

நவாஸிடம் நான் இதைக் கேட்கப்போவதில்லை. பாஸான மனிதருக்கு எதற்கு இரண்டாம் சோதனை?