இருநூற்றைம்பது என்ற பதில்

ஹார்ஸ்டாட் ஊரில் யாருக்கு மின்னஞ்சல் வராமல் போனாலும் என் தம்பி ஐவின்டைத்தான் கூப்பிடுவார்கள். நான் மீன் ஆலையில் எடை பார்ப்பவள்; அதிகம் படிக்கவில்லை. ஆனால் அவன் வேலையைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வேன். அஞ்சல் சர்வர்கள் எழுத்தால்தான் பேசிக்கொள்ளும். முதலில் வணக்கம். பிறகு யாரிடமிருந்து, யாருக்கு. அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டால் மறுபக்கத்திலிருந்து 250 என்று பதில் வரும். அப்படி ஆள் இல்லையென்றால் 550. அதற்குப் பிறகுதான் கடிதம். ஐவின்ட் இதையெல்லாம் கையாலேயே அடித்துச் சோதிப்பான்.

அவன் மனைவி மாரித் ஆஸ்பத்திரியில் இறந்தபோது அவன் சர்வர் அறையில் இருந்தான். அன்று ஊர் முழுக்க அஞ்சல் நின்றுபோயிருந்தது. மகள் தூவா அதை மன்னிக்கவில்லை. அடக்கம் முடிந்ததும் தெற்கே போனவள், இனி எனக்கு எழுத வேண்டாம் என்று ஒரே வரி அனுப்பினாள். வீடு எங்கே என்று தெரியாது, போன் எண்ணும் மாறிவிட்டது. மிஞ்சியது அந்த அஞ்சல் முகவரி.

அவன் எழுதவில்லை. ஆனால் தினமும் காலையில் அவளுடைய சர்வரோடு பேசினான். வணக்கம் சொல்லி, அவள் பெயரைக் கொடுத்து, 250 வந்ததும் கடிதம் தராமலே விடைபெறுவான். ஆலைக்குப் போகிற வழியில் நான் எட்டிப் பார்த்தால், "அவ இருக்கா" என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாஃபிள் சுட்டு எடுத்துப்போனேன். என் எதிரிலேயே 250 வந்தது. ஆலையில் நாங்கள் மீனை வைப்பதற்கு முன் வெறும் தராசைப் பார்ப்போம். அதுவே எடை காட்டினால் பிறகு எதையும் நம்ப முடியாது. அந்தப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"இல்லாத ஆள் பேரக் குடுத்தா என்னடா சொல்லும்?"

"காப்பியக் குடி அக்கா. இங்கயும் வந்து எடை போடாத."

நான் விடவில்லை. கீபோர்டை இழுத்து, தூவாவின் பெயர் இருந்த இடத்தில், எப்போதோ செத்துப்போன எங்கள் நாய் பாம்ஸேயின் பெயரை அடித்தேன்.

250.

ஐவின்ட் திடுக்கிடவில்லை.

"எந்தப் பேரக் குடுத்தாலும் வாங்கிக்கும். மொத வாரமே பாத்துட்டேன்."

"பின்ன எதுக்குடா தினமும்?"

"அவ பேர வேற எங்க போய்ச் சொல்றது?"

இருவரும் வாஃபிளைத் தொடவில்லை. நெடுநேரம் எதுவும் அடிக்காததால் அந்தச் சர்வரே தொடர்பைத் துண்டித்தது.

மறுநாள் காலை எட்டிப் பார்த்தேன். திரையில் தூவாவின் பெயரும் அதன் கீழே 250-உம் இருந்தன. அவன் என் பக்கம் திரும்பவில்லை.